கான்டெஸ்ஸா கார் ஏசி: பழைய காஸ் ஆர்-12 இறங்கிவிட்டது, அதற்குப் பின் வந்த 134ஏ காஸுக்கு மாற்றலாமா? (வேலூர்)

சத்துவாச்சாரி_கிளாசிக்
எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1994 கான்டெஸ்ஸா கிளாசிக், பெட்ரோல், டிஎன் 23 பதிவு. போன கோடை வரை ஏசி சுமாராகக் குளிர்ந்தது. இந்தப் பங்குனியில் போட்டால் வெறும் காற்றுதான், காஸை அழுத்தும் கம்ப்ரஸரை என்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் பிடிக்கவே இல்லை. கடைசியாக எப்போது காஸ் ஏற்றினார்கள் என்று அப்பாவுக்கே ஞாபகம் இல்லை.

இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர், "ஆர்-12 எல்லாம் இப்ப எங்க சார் கிடைக்குது, 134 அடிச்சு விட்டுடறேன், ஒரு மணி நேர வேலை" என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது கிட் போட்டால்தான் சரிவரும் என்கிறார், 45 ஆயிரம் ஆகுமாம். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? கத்திரி வெயில் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டி இது.

வாலாஜா_கூல்
தம்பி, மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இருந்த காஸ் எங்கே போனது? பெட்ரோல் மாதிரி ஏசி காஸ் செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் ஒரு மணி நேரத்தில் 134 அடித்துவிட்டால் ஆடி மாதத்துக்குள் அதுவும் போய்விடும்.

கம்ப்ரஸர் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, கன்டென்சர் (வெப்பத்தை வெளியே தள்ளும் முன்பக்கக் காயில்) எப்படி இருக்கிறது, அதன் முன்னால் எலக்ட்ரிக் ஃபேன் உண்டா, ஹோஸ் எல்லாம் பழசா என்று பார்த்துச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போட்டோ எடுங்கள். காஸ் வெளியேறும்போது எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வரும். அதன்மேல் புழுதி அப்பி நமக்கு அடையாளம் காட்டிவிடும்.

பாலாறு_மணல்
வேலூர் வெயிலில் கான்டெஸ்ஸா ஏசியை நம்புவதற்கு நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு எண்பதில் போகலாம். செலவு பூஜ்யம்.

சத்துவாச்சாரி_கிளாசிக்
@பாலாறு_மணல், கிரீன் சர்க்கிளில் எப்படி அண்ணே எண்பதில் போவது?

@வாலாஜா_கூல், பார்த்துவிட்டேன் அண்ணே. கம்ப்ரஸரில் சாண்டென் எஸ்டி-508 என்று தகடு இருக்கிறது. கன்டென்சர் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் பழைய வகை, பாதித் தகடுகள் மடிந்து ஒட்டிக் கிடக்கின்றன. எலக்ட்ரிக் ஃபேன் கிடையாது, என்ஜின் ஃபேன் மட்டும்தான். கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் பின்னால் கறுப்பாக எண்ணெய்ப் பிசின். ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கத்து) ஹோஸ், அலுமினியக் கழுத்துக்குள் நுழையும் இடத்திலும் அதே பிசின். ஹோஸ் கல்லு மாதிரி இருக்கிறது, வளைத்தால் வெடிப்பு தெரிகிறது.

காந்திநகர்_பெருசு
பாலிடெக்னிக்கில் குளிர்பதனம் நடத்திய ஆள் நான். ஒரு மணி நேர வேலை ஏன் உருப்படாது என்று சொல்கிறேன்.

ஆர்-12 குளோரின் உள்ள காஸ். அது மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1987-இல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, இந்தியா 1992-இல் சேர்ந்தது. பணக்கார நாடுகள் 1996-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டன, நம் மாதிரி நாடுகளுக்கு 2010 ஜனவரி 1 வரை அவகாசம். அதனால் இன்றைக்கு ஒருவர் "ஒரிஜினல் ஆர்-12 இருக்கு" என்று சொன்னால் அது யாரோ பழைய இருப்பில் பதுக்கியது, இல்லையென்றால் வேறு எதுவோ.

134ஏ-யில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் பழைய ஆளின் சட்டை இதற்குப் பொருந்தாது. ஆர்-12 ஓடிய கம்ப்ரஸரில் இருப்பது மினரல் எண்ணெய். ஆர்-12 அதைக் கரைத்துத் தன்னோடு சுற்றவைத்து மறுபடி கம்ப்ரஸருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். 134ஏ-யில் அது கரையாது. கூலிங் காயிலின் அடியில் எண்ணெய் தேங்கிவிடும், கம்ப்ரஸர் காய்ந்து ஓடும். முதல் மாதம் நன்றாகக் குளிர்ந்து, மூன்றாம் மாதம் கடகடவென்று சத்தம் வருவது இதனால்தான்.

அடுத்தது அழுத்தம். சுழியம் டிகிரியில் ஆர்-12 சுமார் 30 பிஎஸ்ஐ, 134ஏ 28. அதாவது புதியது கொஞ்சம் குறைவு. பதினேழு பதினெட்டு டிகிரியில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேலே 134ஏ முந்திக்கொள்ளும். கன்டென்சர் 60 டிகிரிக்குப் போனால் ஆர்-12 சுமார் 205 பிஎஸ்ஐ, 134ஏ சுமார் 230. ஊட்டியில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. வேலூரில் மே மாதம் நிழலிலேயே 40 தாண்டும், தார் ரோட்டின் மேல் இன்னும் அதிகம். என்ஜின் ஃபேனை மட்டும் நம்பி, தகடு மடிந்த கன்டென்சரோடு 134ஏ போட்டால் சிக்னலில் நிற்கும்போது அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காஸை மாற்றுவது சின்ன விஷயம் தம்பி. வெப்பத்தை வெளியே தள்ள இடம் செய்வதுதான் வேலையே.

ஆம்பூர்_டீசல்
இவ்வளவு பெரிய பாடம் எதுக்கு? என்னிடம் பிரீமியர் 118என்இ இருக்கிறது. ஹைட்ரோகார்பன் காஸ் போட்டிருக்கிறேன். பழைய எண்ணெய், பழைய ஹோஸ், பழைய ட்ரையர் (ஈரம் உறிஞ்சும் டப்பா), எதையும் தொடவில்லை. ஆர்-12 எடையில் பாதிகூட வேண்டாம், அழுத்தமும் குறைவு. வாணியம்பாடி போய்த் திரும்பினால் சட்டை நனைவதில்லை.

வாலாஜா_கூல்
ஆம்பூர் பாய், குளிரும், அதில் சந்தேகமே இல்லை. புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவை ஆர்-12 மாதிரியே நடந்துகொள்ளும், மினரல் எண்ணெயிலும் கலக்கும். இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன்தான். ஆனால் ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம். உங்கள் காரில் அதைப்போலப் பல மடங்கு. கூலிங் காயில் இருப்பது டாஷ்போர்டுக்கு அடியில், உங்கள் முழங்காலுக்கு முன்னால். அதற்குப் பக்கத்திலேயே புளோயர் மோட்டார், கார்பன் பிரஷ் பொறி தட்டுகிற பழைய மோட்டார். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் லீக் ஆனால் என்ன ஆகும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஹெச்சி (ஹைட்ரோகார்பன்) காஸ்" என்ற பெயரில் சமையல் சிலிண்டரிலிருந்து அடித்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதில் கலவை அளவு நிலையில்லை, ஈரமும் இருக்கும், வாசனைக்குச் சேர்த்த கந்தகச் சாமானும் இருக்கும்.

ஆம்பூர்_டீசல்
பின்னால் நாற்பது லிட்டர் பெட்ரோலை வைத்துக்கொண்டுதானே ஓட்டுகிறோம்?

வாலாஜா_கூல்
அது டிக்கிப் பக்கம், வெளியே மூச்சுக்குழாய் வைத்த டாங்கில். முகத்துக்கு நேராக ஊதுவதில்லையே பாய்.

ஆம்பூர்_டீசல்
சரி, உங்க தொழில், உங்க வார்த்தை. நான் மாற்றப் போவதில்லை.

குடியாத்தம்_88
எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் பழைய ஆர்-12 சிலிண்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வெள்ளை சிலிண்டர், சீல் உடையாதது. அதை வாங்கினால் எந்த மாற்றமும் வேண்டாமே?

காந்திநகர்_பெருசு
வெள்ளை பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். உள்ளே ஆர்-22 என்ற வேறு காஸ் இருந்தால் 60 டிகிரியில் 335 பிஎஸ்ஐக்கு மேலே போகும், பழைய கார் ஹோஸ் அதற்குச் செய்ததல்ல. அதைவிட மோசமானது ஆர்-40, மெத்தில் குளோரைடு. போலி 134ஏ-யில் அதைக் கலந்து விற்றார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் ஒரு பொருள் உண்டாகும். 2011-இல் கப்பலில் சரக்கு ஏற்றும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்தது இந்தக் கலப்படத்தால்தான். கார் ஏசியில் கம்ப்ரஸர், கன்டென்சர், குழாய் எல்லாமே அலுமினியம். ஆர்-12 ஆனாலும் 134ஏ ஆனாலும், பில் கொடுக்கும் கடையில் பெயர் தெரிந்த கம்பெனியின் சிலிண்டராக வாங்குங்கள்.

சத்துவாச்சாரி_கிளாசிக்
முடிவு செய்துவிட்டேன், 134ஏ-தான். கம்ப்ரஸரை வைத்துக்கொள்ளலாமா அண்ணே? புது கன்டென்சர், ஹோஸ் எல்லாம் எங்கே கிடைக்கும்?

வாலாஜா_கூல்
508 உறுதியான கம்ப்ரஸர். அஞ்சு சிலிண்டர், 134ஏ-யில் பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் வைத்துக்கொள்ளலாம். ஷாஃப்ட் சீல் (அச்சைச் சுற்றிக் கசிவு தடுக்கும் வளையம்) மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும், உங்கள் பிசின் அங்கிருந்துதான் வருகிறது.

கன்டென்சருக்குப் பழைய மாடலைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டாம். கான்டெஸ்ஸாவின் முன்பக்கம் விசாலம், கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அளவெடுத்து அதில் அடங்குகிற பேரலல் ஃப்ளோ கன்டென்சர் வாங்குங்கள். ஒரே நீளக் குழாயில் காஸ் நெளிந்து போகாமல், பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து போகும். அதே இடத்தில் கூடுதலாக வெப்பத்தைத் தள்ளும். சென்னை ஜி.பி. ரோட்டில் அளவு சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள். அதன் முன்னால் எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று, 12 அங்குலம் போதும், ரிலே வைத்துக் கிளட்ச்சோடு சேர்த்து ஓடவிடுங்கள். வயரை நேராக ஏசி ஸ்விட்சில் கொடுத்துவிட்டால் ஸ்விட்ச் உருகிவிடும். வேலூரில் எந்தப் பழைய காருக்கும் இந்த ஃபேனும் கன்டென்சரும்தான் பாதி ஏசி என்பேன்.

ஹோஸ் பேரியர் வகையாக இருக்க வேண்டும், அதாவது உள்ளே நைலான் அடுக்கு உள்ளது. 134ஏ-யின் மூலக்கூறு சின்னது, பழைய ரப்பர் வழியாகக் கசிந்துவிடும். பழைய கழுத்துகளை வெட்டிப் புது ஹோஸில் மெஷினில் அழுத்திக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. சுத்தியலால் தட்டி கிளிப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ட்ரையர் புதியது, 134ஏ-க்கு உரியது. பழையதில் உள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் 134ஏ-யோடு ஒத்துப்போகாமல் பொடியாகும், பொடி போய், கூலிங் காயிலுக்குள் காஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். ஓரிங் (மூட்டுகளில் கசிவு தடுக்கும் வளையம்) எல்லாம் பச்சை ஹெச்என்பிஆர் ரப்பர். எண்ணெயில் எஸ்டர் வகை கேளுங்கள். கடையில் பிஏஜி என்ற வேறு வகை எடுத்துக் கொடுப்பார்கள், புது வண்டிக்கு அது சரி. ஆனால் மாற்றிய வண்டியில் ஆர்-12 விட்டுப்போன குளோரைடு பிஏஜியைக் கெடுக்கும், மிச்சம் மீதி மினரல் எண்ணெயோடும் சேராது. எஸ்டர் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்தால் உடனே ஊற்றி மூடிவிடுங்கள், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும்.

சத்துவாச்சாரி_கிளாசிக்
அண்ணே, கழற்றி முடித்துவிட்டோம். சில விஷயம் பார்த்தேன், எழுதுகிறேன்.

ஓரிங்குகள் ரப்பர் மாதிரியே இல்லை. வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகிச் சதுர விளிம்போடு இருந்தது, நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம். ட்ரையரை ஆர்வத்தில் அறுத்துப் பார்த்தோம். மணிகள் பழுப்பாகி, அடியில் சேறு மாதிரி ஒரு விரற்கடை படிந்திருந்தது. கம்ப்ரஸரிலிருந்து வடிந்த எண்ணெய் நல்லெண்ணெய் நிறம், உலோகத் துகள் எதுவும் இல்லை. மெக்கானிக் அதை ஒரு வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மினுக்கு இல்ல சார், கம்ப்ரஸர் பொழைச்சுது" என்றார்.

கூலிங் காயிலை ஃப்ளஷ் செய்து நைட்ரஜனால் ஊதினோம். கூலிங் காயில் பெட்டிக்குள் அரச மரத்துச் சருகு ஒரு கைப்பிடி.

வாலாஜா_கூல்
நல்லது. எக்ஸ்பான்ஷன் வால்வு பழசாக இருந்தால் பெட்டி திறந்திருக்கும்போதே 134ஏ வால்வு போட்டுவிடுங்கள், பிறகு டாஷ்போர்டை மறுபடி இறக்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

ஹை பிரஷர் ஸ்விட்ச் ஒன்று கட்டாயம். பழைய கிட்களில் இருக்காது. ஃபேன் ஃபியூஸ் போனால் கம்ப்ரஸரை நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது. சர்வீஸ் வாயில் 134ஏ அடாப்டர் மாட்டுங்கள், லோ சைடு 13 மில்லி, ஹை சைடு 16 மில்லி, மாற்றி மாட்டவே முடியாது. கூடவே "134ஏ, எஸ்டர் எண்ணெய், இத்தனை கிராம்" என்று பானட்டுக்குள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

இப்போது காஸ் ஏற்றுவது. இங்கேதான் பழைய கைகள் தவறுகின்றன. ஆர்-12 காலத்தில் ட்ரையர் மேலே உள்ள சைட் கிளாஸில் (உள்ளே ஓடுவதைக் காட்டும் சிறு கண்ணாடியில்) குமிழி மறையும் வரை ஏற்றுவார்கள். 134ஏ-யில் அந்தக் கணக்கு செல்லாது. சரியான அளவிலும் குமிழி தெரியும், எண்ணெயோடு பால் மாதிரி மங்கலாகவும் தெரியும். குமிழி மறையட்டும் என்று ஏற்றினால் அளவு மிஞ்சி, ஹை சைடு முட்டி, குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி குறைந்ததே என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். தராசில் சிலிண்டரை வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஆர்-12 எவ்வளவு பிடித்ததோ அதில் 80 முதல் 85 சதவீதம் போதும். உங்களுக்குக் கன்டென்சர் மாறியிருப்பதால் அதற்குக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்தி, கேஜையும் ஊதும் காற்றின் டிகிரியையும் பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.

காஸ் ஏற்றும் முன் வேக்கம் (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சுவது) முக்கால் மணி நேரமாவது போடுங்கள், பம்பை நிறுத்திய பிறகு முள் நகராமல் நிற்கிறதா என்று அரை மணி பாருங்கள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வேக்கம் பம்ப்பாக வைத்திருக்கும் கடையில் இதைச் செய்யாதீர்கள், அது ஈரத்தை இழுக்காது.

பாலாறு_மணல்
கிண்டல் செய்த நானே கேட்கிறேன். ஹீட்டர் வால்வு பார்த்தீர்களா? என் பழைய எஸ்டீமில் ஏசி எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை. கடைசியில் பார்த்தால் ஹீட்டர் வால்வு முழுதாக மூடாமல் ரேடியேட்டர் வெந்நீர் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் குளிர்ச்சி, அதே காற்றுக்கு இன்னொரு பக்கம் அடுப்பு.

காந்திநகர்_பெருசு
அருமையான கேள்வி. நம் ஊரில் ஹீட்டர் எதற்கு, மார்கழிக்குப் போர்வை போதும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் என்ஜின் பக்கமே இணைத்து விட்டுவிடலாம்.

சத்துவாச்சாரி_கிளாசிக்
அதே கோளாறு இருந்தது, ஹோஸை இணைத்துவிட்டோம்! நன்றி @பாலாறு_மணல்.

வேலை முடிந்தது. மெக்கானிக் காஸை 600 கிராமில் தொடங்கி 680-இல் நிறுத்தினார். வெளியே 39 டிகிரி, 1500 ஆர்பிஎம், லோ 36, ஹை 245 பிஎஸ்ஐ. பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது 15, 16-க்கு ஏறியது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிட்டது. ஏலகிரி வளைவுகளில் மட்டும் என்ஜின் சூடு முள் பாதியைத் தாண்டியது, ஏசியை அணைத்து ஏறினேன். அம்மா, "ஆர்-12-ல இருந்த மாதிரி இல்லடா" என்கிறார், ஆனால் பின் சீட்டில் தூங்கிவிட்டார்.

மொத்தச் செலவு புது கிட்டுக்குச் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். பெரும்பங்கு கன்டென்சரும் ஹோஸும்தான்.

விஐடி_மெக்_மூன்றாம்_ஆண்டு
ஒரு சந்தேகம். 134ஏ-யும் போகப் போகிறது என்கிறார்களே, நேராக அதற்குப் பதிலாக வந்திருக்கும் 1234ஒய்எஃப் காஸ் போட்டிருக்கலாமே?

காந்திநகர்_பெருசு
தம்பி, போகத்தான் போகிறது. பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால் ஆர்-12 சுமார் 10,900, 134ஏ 1,430, ஒய்எஃப் நாலுக்கும் கீழே. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் 134ஏ கிடையாது. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தின்படி இந்தியா 2028-இல் 134ஏ வகைக் காஸ்களின் உபயோகம் மேலும் கூடாமல் ஓர் அளவில் நிறுத்தி, 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். அதுவரை சர்வீஸுக்கு 134ஏ கிடைக்கும். ஒய்எஃப் லேசாகப் பற்றக்கூடியது, விலை பல மடங்கு, அதற்கென்று செய்யாத பழைய வண்டியில் போட இன்றைக்குக் காரணம் எதுவும் இல்லை. பழைய காஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் பிடித்துக்கொள்ளும் கடையாகப் பார்த்துப் போவது அதைவிடப் பெரிய உதவி.

குடியாத்தம்_88
கடைசியாக ஒன்று. நானும் 134ஏ-க்கே போகிறேன், அம்பாசடர், டாஷுக்குக் கீழே தொங்கும் பெட்டி ஏசி. எங்கள் மெக்கானிக்கிடம் பழைய லீக் டார்ச் இருக்கிறது, காஸ் பட்டால் சுடர் பச்சையாகும். அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாமா?

வாலாஜா_கூல்
வேண்டாம். அந்தச் சுடர் பச்சையாவது குளோரின் பட்டால்தான். 134ஏ-யில் குளோரின் இல்லை, எவ்வளவு லீக் ஆனாலும் சுடர் நீலமாகவே நிற்கும். ஆர்-12 மிச்சம் இருந்தால் அந்தச் சுடரில் விஷப் புகைதான் வரும். நைட்ரஜன் அடித்து சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவர விடாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அம்பாசடருக்கு முதலில் கன்டென்சர் அளவையும் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுதுங்கள். தனி ஃபேன் போட்டால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்காமல் போகலாம்.